பிரிக்பீல்ட்ஸ் பிரெஞ்சுக்காரி

அத்தியாயம் 11: அம்மா வீடு

தனலெட்சுமி அந்நியர் ஆகி அன்றோடு ஒன்பது நாள்.

அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருஷமும் அவள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கூட்ஸ் ஆபீஸ் ஹெட் கிளார்க் சபாபதியின் மூத்த மகளாக மட்டுமே இருந்தாள். ஆறு மாதக் குழந்தையாக அம்மா மடியில் வந்து இறங்கியவள். பேச்சு வந்ததும் இங்கே, பள்ளிக்கூடம் போனதும் இங்கே, அம்மை குத்தியதும் இங்கே. தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, மிட்வைஃப் படிப்புக்கு அவளை எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. இரண்டு வருஷப் படிப்பு. முடித்து வந்தால் கிள்ளான் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை தயார். வெள்ளிக்கிழமை கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். டிக்கெட் வந்தாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வருவதற்கு ஒரு காகிதம் கையில் இருந்தால் நல்லது என்று சபாபதி சொல்லும் வரைக்கும்.

அவர் அப்படித்தான். காகிதம் இல்லாமல் காக்காய் பறந்தாலும் அவருக்குப் பொறுக்காது. விண்ணப்பத்தை அவரே வாங்கி வந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தனலெட்சுமி முத்து முத்தாகக் காரைக்கால் என்று எழுதினாள். பாஸ்போர்ட் ஆபீஸில் யாரோ அந்த ஊரைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரன் மண். ஆகவே பெண் பிரெஞ்சுப் பிரஜை. ஆகவே இந்த நாட்டுக்கு அந்நியர். அந்நியப் பெண்கள் இத்தனை பேர்தான் வரலாம் என்று இந்த வருஷம்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று கோமதி அன்றைக்கே சொன்னாள். கணவர் காதில் விழும்படியாகத்தான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அந்தச் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. பிரசவம் எங்கே நடந்தது என்று சொல்ல, பெற்ற தாய் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. கோமதி நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கொண்டையை மூன்றாவது தடவையாக அவிழ்த்து முடிந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கொண்டை நிற்காது.

"உன்னை யாரு அங்க போய்ப் பெத்துக்கச் சொன்னது?" என்றார் சபாபதி, கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி.

ஒன்பது நாளில் இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள்.

"ஏழாம் மாசம் வளையல் போட்டு, கப்பல் ஏத்தி விட்டது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?"

"வழக்கம்னு ஏத்தி விட்டேன். இங்க ஆஸ்பத்திரி இல்லையா? அது பிரெஞ்சு மண்ணுன்னு உனக்காவது தெரிய வேணாமா?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அது எங்கம்மா வீடு. அங்க வெந்நீர் வெச்சவளும் தமிழ்லதான் பேசினா, புள்ளையும் தமிழ்லதான் அழுதுச்சு."

சின்னவள் நல்லம்மாள், பதினைந்து வயது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டே உள்ளிருந்து குரல் கொடுத்தாள். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்தவள் என்பதால் அவளுக்கு ஒரு வாரமாகத் தலைகால் புரியவில்லை.

"அப்பா இங்கிலீஷ் பிரஜை. அக்கா பிரெஞ்சுப் பிரஜை. நான் சிலாங்கூர்ப் பிரஜை. அம்மா, நீங்க என்னா பிரஜைம்மா?"

"நான் சமையல்காரி. தோசை கருகுது, போய்ப் பாரு."

தனலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெட்டிமேல் உட்கார்ந்து, அம்மை குத்தியதற்கான சர்டிபிகேட்டை ஓர் உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். போவதற்கு அது ஒன்று போதும் என்று கப்பல் ஏஜண்டு சொல்லியிருந்தார். கைத் தழும்பைக்கூடத் துரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியாயிற்று. மகளின் நிதானம்தான் கோமதிக்குப் பயமாக இருந்தது. கத்துகிற பிள்ளையைச் சமாளிக்கலாம். இவள் அப்பாவைப்போலக் கத்தவும் மாட்டாள், அம்மாவைப்போலச் சண்டை போடவும் மாட்டாள். நினைத்ததைச் செய்துவிட்டுச் சொல்லுகிற ரகம்.

படாங் மைதானத்துப் பக்கத்து அரசாங்கக் கட்டடத்தில் அவர்கள் நுழைந்தபோது மணி ஒன்பதரை. பதினொன்றேகால் வரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அந்த ஜன்னல்காரர் இன்னொரு ஜன்னலைக் காட்டினார். இரண்டாவது ஜன்னல்காரர், நீங்கள் இருக்க வேண்டிய இடம் அந்தப் பெஞ்சு என்று திருப்பி அனுப்பினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியைப் பார்க்கவே ஒரு பூசாரி தேவைப்பட்டது.

கோமதிக்கு எரிச்சலோடு எரிச்சலாக ஓர் அற்பத் திருப்தியும் இருந்தது, அதை ஒளிப்பானேன். கூட்ஸ் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷமாக இதையேதான் அவள் கணவர் மற்றவர்களுக்குச் செய்துகொண்டிருக்கிறார். காஜாங்கிலிருந்து மூட்டையோடு வந்த சீனக் கடைக்காரரை, கையெழுத்துக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று மறுநாள் வரச் சொன்னவர் அவர். வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லி மோர் குடித்தவர். இப்போது அவரே பெஞ்சின் நுனியில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இருந்த துரைக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெயிலில் வெந்த மூக்கு. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கார்த்திகேசு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கறுப்புக் கோட்டு, நெற்றியில் அளவெடுத்தாற்போலத் திருநீறு. சபாபதி இங்கிலீஷில் ஆரம்பித்தார். துரை கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தாய்தான் பேச வேண்டும் என்றார்.

"அம்மா, உங்கட மகள் எங்க பிறந்தவ?" என்று கேட்டார் கார்த்திகேசு.

"காரைக்கால்ல."

"பிள்ளை பெறுறதுக்கு ஏன் பிரெஞ்சு தேசத்துக்குப் போனீங்கள் எண்டு துரை கேக்கிறார்."

"நான் பிரெஞ்சு தேசத்துக்குப் போகலைங்க. எங்கம்மா வீட்டுக்குப் போனேன்."

கார்த்திகேசு இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டி, நிதானமாக மூன்று வரி எழுதினார்.

"என்னா எழுதினாரு?" என்றாள் கோமதி.

கார்த்திகேசு எட்டிப் பார்த்தார். "நீங்கள் விரும்பிப் பிரெஞ்சு தேசத்துக்குப் போனதாய் எழுதியிருக்கிறார்."

"ஐயா, தலைப்பிரசவம்னா அம்மா வீட்டுக்குத்தான் போவாங்க. அதை அவருக்குச் சொல்லுங்க. எங்க ஊர்ல எந்தப் பொம்பளையும் புள்ளை பெறப் போறப்ப வழியில எந்த ராஜாவோட கொடி பறக்குதுன்னு பாத்துக்கிட்டுப் போறதில்ல. நடுவுல ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் பொண்ணு குடுப்பாங்க, அந்தப் பக்கம் பொண்ணு எடுப்பாங்க. வாய்க்கால் தாண்டினா தேசம் மாறிடுமா?"

"மாறும் எண்டுதான் துரை சொல்லுறார்" என்றார் கார்த்திகேசு, வருத்தத்தோடு.

அழக் கூடாது என்று கோமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் அதையும் மூன்று வரியில் எழுதி வைப்பான் இந்தப் பிள்ளை.

ஆனால் துரை கெட்டவர் இல்லை. ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். சபாபதியின் முகம் விளக்கேற்றினாற்போல மலர்ந்தது. கார்த்திகேசு கோமதிக்காகத் தமிழில் சொன்னார். பெண் எங்கே பிறந்தாலும் போகட்டும், பெண்ணின் தகப்பன் பிரிட்டிஷ் மண்ணில் பிறந்திருந்தால் போதும். பெண்ணும் பிரிட்டிஷ் பிரஜையாகிவிடுவாள். தகப்பன் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் காகிதம் உடனே கிடைக்கும்.

"பேரளம்!" என்றார் சபாபதி. அந்த அறையில் தேவைக்கு மேல் சத்தமாக. "தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுகா. என் சர்வீஸ் புத்தகத்தில இருக்கு."

"சர்வீஸ் புத்தகம் நீங்கள் சொல்லி எழுதினது, ஐயா. பிறந்த காலத்துக் கடுதாசி வேணும். ஜாதகம் இருக்கோ? முந்தி ஒரு செட்டியாரின்ர ஜாதகத்தை இந்த ஆபீஸ் ஒப்புக்கொண்டிருக்குது. கொண்டு வாங்கோ, நான் வாசிச்சு மொழிபெயர்த்துத் தாறன்."

ரிக்‌ஷாவில் வீடு திரும்பும் வழியெல்லாம் சபாபதி பேசிக்கொண்டே வந்தார். அவர் பேசியதன் சாரம் ஒன்றுதான்: பெண்டாட்டி புத்திகெட்டத்தனமாகச் செய்த காரியத்தைப் புருஷனின் பிறப்பு வந்து சரிசெய்கிறது. ரிக்‌ஷாக்காரச் சீனருக்குத் தமிழ் தெரியாதது கோமதிக்கு ஆறுதலாக இருந்தது.

"நல்லவேளை, நானாவது ஒழுங்கான எடத்தில பொறந்தேன்" என்று முடித்தார்.

பெண் திரும்பி வருகிறாள் என்றால் இன்னும் பத்து வருஷம் இந்தப் பேச்சைக் கேட்கத் தயார் என்று கோமதி நினைத்துக்கொண்டாள்.

ஜாதகம் இரும்புப் பெட்டியின் அடியில் இருந்தது. பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அரைமணி நேரம் தேடி, கடைசியில் சபாபதியின் பழைய கோட்டுப் பையிலேயே கிடைத்தது. அதற்குக் கோமதிதான் திட்டு வாங்கினாள், கோட்டைத் துவைக்கப் போட்டதற்காக. மஞ்சள் தடவிய நீளமான காகிதச் சுருள். பாதி கிரந்தம், பாதி தமிழ். கல்யாணத்தின்போது பொருத்தம் பார்த்த ஜோசியருக்கு அப்புறம் அதை யாரும் பிரித்ததில்லை. அவர் பார்த்தது கட்டங்களை மட்டும்.

"பிரிச்சுப் பாத்துட்டுப் போவமே" என்றாள் கோமதி.

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ராகுகாலம். அதுக்குள்ள அங்க இருக்கணும். படிக்கத் தெரிஞ்சவர் படிக்கட்டும். கெளம்பு."

மறுபடியும் ரிக்‌ஷா. மறுபடியும் அந்தப் பெஞ்சு. நல்லவேளை, இந்தத் தடவை கார்த்திகேசு தாமே வெளியே வந்து, வராந்தா ஓரத்திலிருந்த தம் மேஜைக்கு அழைத்துப்போனார். துரை சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கார்த்திகேசு செருப்பைக் கழற்றிவிட்டு, சுருளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். அந்த மரியாதைக்காகவே கோமதிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

தேவாரம் சொல்வதுபோல மெல்லிய ராகத்தோடு அவர் வாசித்தார்.

"விய வருஷம், ஆவணி மாதம்... தஞ்சாவூர் ஜில்லா பேரளம் இராமலிங்கம் பிள்ளை அவர்கள் பாரியாளுக்கு..."

"பேரளம்! கேட்டியா?" என்றார் சபாபதி, மனைவி பக்கம் திரும்பி.

"...காரைக்காலைச் சேர்ந்த திருநள்ளாறு... மாதாமகர் கிருகத்தில்... தலைச்சன் புத்திரன்..."

ராகம் அறுந்தது. கார்த்திகேசு அதே வரியைக் கண்ணால் இன்னொரு தடவை வாசித்தார். பிறகு தலையைத் தூக்காமலே சுருளைப் பழைய மடிப்பிலேயே சுருட்ட ஆரம்பித்தார்.

சபாபதிக்கு இன்னும் புரியவில்லை. "என்னா, மாதாமகர்னா?"

கோமதிக்குப் புரிந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. அவள் கணவர் தலைச்சன். அவருடைய அம்மாவும் ஒரு வீட்டில் பிறந்த பெண்தானே? ஏழாம் மாசம் அவளுக்கும் வளையல் அடுக்கியிருப்பார்கள். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு, அந்த வாய்க்காலைத் தாண்டித் திருநள்ளாற்றுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். தலைப்பிரசவம். அம்மா வீடு.

"தாயாரின்ர தகப்பன் வீடு, ஐயா" என்றார் கார்த்திகேசு, மிக மெதுவாக.

சபாபதி சுருளை எட்டிப் பார்த்தார். "திருநள்ளாறா? நானா?"

உலகத்தார் எல்லாரும் சனி விலக வேண்டும் என்று திருநள்ளாறு போகிறார்கள். இவர் அங்கேயே பிறந்து கையோடு கூட்டிவந்திருக்கிறார் என்று கோமதியின் நாக்கு நுனி வரை வந்தது. ஒன்பது நாள் வாங்கிய பேச்சுக்கெல்லாம் அந்த ஒரு வரி போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். நிறம் போய், உதடு உலர்ந்து, ரயிலைத் தவறவிட்ட கிழவரைப்போல நின்றார். அவளால் சொல்ல முடியவில்லை. ஜெயித்த சந்தோஷம் துளிக்கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

கார்த்திகேசு சுருளை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"ஐயா, நான் இதை வாசிக்கேல்லை. இருட்டாய்க் கிடந்தது, எழுத்துத் தெரியேல்லை எண்டு வையுங்கோ. துரை கேட்டால் அப்பிடித்தான் சொல்லுவன்."

"இப்ப என்னா செய்யிறது?" என்றாள் கோமதி.

"கடுதாசி இல்லாட்டி வாயாலை சத்தியம் பண்ணலாம், அம்மா. ஐயா நாளைக்குப் பத்து மணிக்கு வந்து, நான் இன்ன ஊரிலை பிறந்தனான் எண்டு துரைக்கு முன்னாலை சொல்லிக் கையெழுத்து வைக்கலாம். அரசாங்க உத்தியோகத்தர் சொன்னால் துரை நம்புவார்." சற்று நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்ன ஊர் எண்டு சொல்லுறது ஐயாவின்ர மனச்சாட்சி."

வீட்டுக்கு நடந்தே போவோம் என்றார் சபாபதி. ரயில் பாதையை ஒட்டி இருவரும் நடந்தார்கள். அவர் முன்னால், அவள் இரண்டடி பின்னால். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அவர் நின்று, அவள் வரட்டும் என்று காத்திருந்தார்.

"நான் பொய் எழுதலை, கோமு. வேலைக்குச் சேர்ந்தப்ப பொறந்த எடம்னு கேட்டிருந்தான். நான் ஊரை எழுதினேன். எந்த ஊர்னு கேட்டா அப்பா ஊரைத்தானே சொல்லுவோம்? அம்மா ஊரை எவன் சொல்லுவான்?"

"ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

"இருபத்தெட்டு வருஷம். ஒரு எழுத்துத் தப்பா எழுதினதில்ல. மொத எழுத்தே தப்பு."

பொம்பளைக்குப் பிறந்த வீடு, ஆம்பளைக்குச் சொந்த ஊர். நம் வழக்கத்தில் அது ஒரு பேச்சுமுறை, அவ்வளவுதான். அதைப்போய் ஒரு கட்டம் போட்டுக் கேட்டு, எழுதிய பிறகு பொய் என்கிறார்களே என்று கோமதிக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. துரையின் மேலா, வாய்க்காலின் மேலா, செத்துப்போன மாமியாரின் மேலா?

"நாளைக்குப் போக மாட்டேன்" என்றார் சபாபதி. "தெரியாம எழுதினது தப்பு. தெரிஞ்சு சொன்னா அது வேற. சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன்னு என்னைக்காவது வெளிய வந்தா வேலை போகும், மானம் போகும். வேலை கிடக்கட்டும். அப்பறம் நான் யாரைப் பாத்து உன் காகிதம் சரியில்லைன்னு சொல்லுவேன்?"

வேறு நாளாக இருந்தால் கோமதி சிரித்திருப்பாள். அன்று அவளுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நடுத்தெருவில் அதெல்லாம் செய்கிறதா? முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"போக வேணாங்க. வேற வழி பாப்போம்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நல்லம்மாள்கூடத் தன் பிரஜைக் கணக்கை விட்டுவிட்டாள். சபாபதி கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போயிற்று.

தனலெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பாவின் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லுங்க. அந்தத் துரை காகிதம் கேக்கிறது போறதுக்கா, வர்றதுக்கா?"

"வர்றதுக்கு."

"போறதுக்கு டிக்கெட்டும் அம்மை சர்டிபிகேட்டும் போதும். ரெண்டும் இருக்கு. நான் வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுறேன்."

"திரும்பி வர விடலைன்னா?" என்றாள் கோமதி.

"ரெண்டு வருஷத்தில சட்டம் மாறலாம், கணக்கில எடம் கிடைக்கலாம். கிடைக்கலைன்னா அங்கயே வேலை செய்யிறேன். அங்கயும்தான் பொம்பளைங்க புள்ளை பெறுறாங்க." ஒன்பது நாளாக யோசித்து வைத்திருந்தது அப்படியே வந்தது. "அப்பா பொய் சொல்லவும் வேணாம், நான் படிப்பை விடவும் வேணாம். யாருக்கும் கஷ்டமில்ல."

சபாபதி நன்றியோடு மகளைப் பார்த்தார். அந்த நன்றியைக் கோமதியும் பார்த்தாள். நியாயமான முடிவு. அப்பன் மானம் பிழைத்தது, பெண் படிப்புப் பிழைத்தது, எல்லாரும் எழுந்து சாப்பிடப் போகலாம். யாருக்கும் கஷ்டமில்லையாம்! பெற்றவள் ஒருத்தி இங்கே நிற்கிறாளே, அவளை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

"தனம், அங்கயே வேலை செய்வே. சரி. அங்கயே உனக்கு ஒருத்தன் வருவான். சரி, வரட்டும். ஏழாம் மாசம் உனக்கு வளையல் போடுவாங்க. போட்டு, தலைப்பிரசவத்துக்கு எங்கடி அனுப்புவாங்க?"

தனலெட்சுமி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஒன்பது நாள் யோசித்ததில் இந்த ஒன்று இல்லை.

"சொல்லுடி. எங்க வருவே?"

முதல் தடவையாக அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நல்லம்மாள் ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கோமதி கணவர் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இப்போது கோபம்கூட இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குப் போங்க. போய், பேரளம்னு சொல்லுங்க."

"கோமு, நீதானே வழியில..."

"சொன்னேன். இப்ப இதைச் சொல்றேன்."

சபாபதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே சிங்கப்பூர் மெயிலுக்குப் பெட்டிகள் கோக்கிற சத்தம் கேட்டது. தம் வாழ்நாளில் எந்த மூட்டைக்கும் போடாத கையெழுத்தை இந்த மூட்டைக்குப் போடச் சொல்கிறார்கள் என்பதுபோலத் தம் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கார்த்திகேசு எதிரிலயே நிப்பாரு, கோமு. என் சத்தியத்தை அவர்தான் இங்கிலீஷ்ல எழுதணும். அவர் மூஞ்சியைப் பாத்துட்டு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அவர் மூஞ்சியை ஏன் பாக்கறீங்க?" என்றாள் கோமதி. "என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. நானும் வரேன்."